காம்பில் அடித்த குச்சி

முப்பத்தெட்டு நொடி. அவ்வளவுதான் அந்த வீடியோ. பல் விளக்கக்கூட அதைவிட அதிக நேரம் ஆகும். அந்த முப்பத்தெட்டு நொடியில் ஒரு பொடிப்பயல் என் பத்தொன்பது வருஷத் தொழிலை ரோட்டில் போட்டு மிதித்துவிட்டுப் போனான். அவன் பெயர் சிவபிரசாத். பெயரைச் சொல்லும்போதே எனக்குக் காது இரண்டும் சூடாகிறது.

நான் தமிழ்மணி. கடலூர் செம்மண்டலத்தில், பண்ருட்டி போகிற ரோட்டோரம், புங்கமரத்தடியில் பலாப்பழம் விற்கிறவள். பிறந்தது திருவதிகை. எங்கள் அப்பா கொல்லையில் பதினாறு பலாமரம். நடக்கத் தெரிந்த நாளிலிருந்து எனக்குப் பலாக்காய் தெரியும். தட்டினால் வருகிற சத்தத்தை வைத்தே எத்தனை நாளில் பழுக்கும் என்று சொல்லிவிடுவேன்.

முற்றின காயை மரத்திலிருந்து இறக்கியதும் நாங்கள் ஒரு வேலை செய்வோம். விரல் நீளத்துக்கு வேப்பங்குச்சியைச் சீவி, நுனியைச் சுண்ணாம்பில் தொட்டு, காம்பில் வைத்து ஒரு செங்கல்லால் அடித்துச் செருகுவோம். சாக்கைப் போட்டு மூடிவைத்தால் மூன்றாம் நாள் வாசனை தெருமுனைக்கு வரும். வெற்றிலைக்குத் தடவுகிற அதே சுண்ணாம்புதான். இதில் ஒளிவு மறைவு ஒன்றும் இல்லை. பட்டப்பகலில், லாரியும் பஸ்ஸும் போகிற ரோட்டில் உட்கார்ந்துதான் அடிக்கிறேன்.

வைகாசிக் கடைசியில் ஒரு நாள் அப்படி அடித்துக்கொண்டிருந்தபோதுதான் அவன் பைக்கை நிறுத்தினான். கூலிங்கிளாஸைத் தலைமேல் ஏற்றியிருந்தான். ஏதோ போன் பேசுகிறான் என்று நினைத்தேன். பழம் வாங்கவில்லை, விலையும் கேட்கவில்லை. போய்விட்டான்.

அன்றைக்குச் சாயந்திரம் என் மகள் கயல்விழி காலேஜிலிருந்து வந்ததும் செருப்பைக்கூடக் கழற்றாமல் போனை நீட்டினாள். ‘தட்டிக் கேளு தம்பி’ என்று ஒரு பேஜ். அதில் நான். செங்கல், குச்சி, சுண்ணாம்புக் கிண்ணம், என் முகம். பின்னால் அவன் குரல்: “மக்களே, பாருங்க. நம்ம கடலூர்ல பட்டப்பகல்ல பலாப்பழத்துக்கு கெமிக்கல் ஏத்துறாங்க. அந்த வெள்ளை பேஸ்ட்டைப் பாருங்க. இது உங்க புள்ளைங்க வயித்துக்குள்ள போவுது. ஷேர் பண்ணுங்க, இவங்கள சும்மா வுடக்கூடாது.”

நாலு நாளில் பதினொரு லட்சம் பேர் பார்த்தார்கள். பதினொரு லட்சம்! கடலூர் ஜனத்தொகையே அவ்வளவு இருக்குமா என்று எனக்குத் தெரியாது. இவளைக் கட்டிவைத்து உதைக்க வேண்டும் என்று எழுதியிருந்தான் ஒருத்தன். இவள் பிள்ளைக்கு இதையே ஊட்ட வேண்டும் என்று ஒருத்தி எழுதியிருந்தாள். கயல் வரிசையாகப் படித்துக்கொண்டே வந்தவள் ஒரு இடத்தில் நிறுத்திவிட்டாள். “இதைப் படிக்க முடியாதும்மா” என்றாள்.

என் வயிறு எதனால் எரிந்தது தெரியுமா? அவன் நின்ற இடத்துக்கும் நான் உட்கார்ந்த இடத்துக்கும் நடுவில் மூன்று முழம். “அக்கா, இது இன்னா?” என்று ஒரு வார்த்தை கேட்டிருந்தால் அந்தக் குச்சியைப் பிடுங்கி வாயில் போட்டு மென்றே காட்டியிருப்பேன். அவன் கேட்கவில்லை. பதினொரு லட்சம் பேரிடம் சொல்லத் தெரிந்தவனுக்கு, எதிரில் உட்கார்ந்திருக்கிறவளிடம் கேட்க வாய் வரவில்லை.

உணவு ஆபீஸிலிருந்து ஒரு அதிகாரி வந்தார். நல்ல மனுஷர். குச்சி, சுண்ணாம்பு, சுளை எல்லாவற்றையும் டப்பாவில் போட்டு சீல் வைத்தார். “எனக்குத் தெரியும்மா, எங்க வீட்டுலயும் இப்படித்தான். ஆனா ரிப்போர்ட் வர்ற வரைக்கும் நான் ஒண்ணும் சொல்லக்கூடாது” என்று சொல்லிவிட்டுப் போனார்.

இதோடு போயிருந்தால்கூடப் பரவாயில்லை. நான் தாங்குவேன். எனக்குத் தோல் தடிமன், வாய் அதைவிடத் தடிமன். என் வீட்டுக்காரர் அப்படி இல்லை.

அவர் பெயர் சடையப்பன். கடையில் காய் தூக்கி வைப்பார், சாக்கு மூடுவார், எடை போடுவார். பேச்சு மட்டும் என் பாடு. யாராவது அதட்டினால் தப்பு அவர்மேல் இல்லாவிட்டாலும் “சரிங்க, சரிங்க” என்பார். இருபத்திரண்டு வருஷத்தில் என்னையே ஒரு தரம்கூட ‘ஏய்’ என்று கூப்பிட்டதில்லை.

ஐந்தாம் நாள் நான் லோடு எடுக்கப் பண்ருட்டிக்குப் போயிருந்தேன். அவர் மட்டும் கடையில் இருந்தார். ஒரு காரில் நாலு பேர் வந்து இறங்கினார்கள். பிரசாத் இல்லை, அவன் வீடியோவைப் பார்த்துவிட்டு நியாயம் கேட்கக் கிளம்பின வேறு நாலு பேர். இரண்டு பேர் போனைத் தூக்கிப் பிடிக்க, இரண்டு பேர் பழங்களைத் தூக்கி ரோட்டில் அடித்தார்கள். அப்புறம் என் வீட்டுக்காரரை நடுவில் நிறுத்தினார்கள்.

“காதைப் புடி. தோப்புக்கரணம் போடு. ‘விஷம் வச்சி வித்தேன், தப்புதான்’னு சொல்லிக்கினே போடு.”

போட்டார். ஐம்பத்தோரு வயசு மனுஷன், காதைப் பிடித்துக்கொண்டு பத்து தோப்புக்கரணம் போட்டார். பத்து தரமும் சொன்னார். எதிர் டீக்கடையில் நின்றவர்கள் எண்ணினார்கள். அதில் எங்களிடம் பத்து வருஷமாகப் பழம் வாங்குகிறவர்களும் உண்டு. ஒருத்தன், ஒரே ஒருத்தன் ரோட்டைத் தாண்டி வந்து “விடுங்கப்பா” என்று சொன்னானா? சீ! மறுநாளே அவர்கள் எடுத்ததைப் பிரசாத் தன் பேஜில் போட்டுவிட்டான். தலைப்பு: ‘குற்றவாளியே ஒப்புக்கொண்டார்’.

நான் லோடு வண்டியிலிருந்து இறங்கும்போது அவர் துடைப்பத்தால் சுளைகளைக் கூட்டிக்கொண்டிருந்தார். நடந்ததை டீக்கடைக்காரன்தான் சொன்னான். எனக்கு வந்த ஆத்திரத்தில் அவர்மேலேயே பாய்ந்தேன். அதை இன்றைக்கும் நினைத்து என்னையே திட்டிக்கொள்கிறேன்.

“ஏன்யா சொன்ன? செய்யாததை ஏன்யா செஞ்சேன்னு சொன்ன?”

“சொன்னா போயிடுவாங்கன்னு நெனச்சேன், தமிழு” என்றார்.

அன்றைக்கு வண்டிப்பாளையத்தில் எங்கள் வீட்டுக்கு வந்தவர், காய் போட்டுவைக்கிற பின்னறைக்குள் போய்த் தாழ் போட்டுக்கொண்டார். தன் போனைத் தண்ணீர் டிரம்முக்குள் போட்டுவிட்டார். கதவுக்கு வெளியே தட்டை வைத்தால் சாப்பிடுவார். தெருவில் ஆள் நடமாட்டம் தொடங்குவதற்கு முன்னால் பாத்ரூம் போய்வந்துவிடுவார். ஒரு நாள், இரண்டு நாள் இல்லை, இருபத்திரண்டு நாள். கெஞ்சினேன், கத்தினேன், கதவை உதைத்தேன். கயல் அழுதாள். அந்த இருபத்திரண்டு நாளில் அவர் சொன்னது ஒரே ஒரு பேச்சுதான்.

“நான் சொன்னதை ஊரே கேட்டுச்சு தமிழு. அது பொய்னு ஊருக்கு யாரு போய் சொல்லுவா?”

எனக்கு வேறு ஒன்றும் வேண்டாம். வியாபாரம் போகட்டும், பெயர் போகட்டும். அந்த மனுஷன் அந்த அறையை விட்டு வெளியே வர வேண்டும், அவ்வளவுதான்.

ரிப்போர்ட் வந்தது. ரசாயனம் எதுவும் இல்லை என்று சீல் வைத்துக் கொடுத்தார்கள். கயல் அதைப் போட்டோ எடுத்து அந்தப் பேஜில் போட்டாள். அரை மணி நேரத்தில் அவளை பிளாக் பண்ணிவிட்டான். போலீஸ் ஸ்டேஷனுக்குப் புகார் கொடுக்கப் போனேன். ஆன்லைனில் போடுங்கள் என்றார்கள். போட்டோம். ஒரு நம்பர் வந்தது. அந்த நம்பரை வைத்துக்கொண்டு நான் என்ன செய்வது, நெற்றியில் ஒட்டிக்கொள்வதா?

கடைசியில் அவன் வீட்டைக் கயல்தான் என் போனில் தேடிக் கண்டுபிடித்தாள். அவன் போட்ட பழைய வீடியோ ஒன்றில் வீட்டு வாசல் தெரிந்தது, பின்னால் கோபுரம். சிதம்பரம் வடக்கு வீதிக்குப் பக்கத்தில் ஒரு சந்து. அவள் காலேஜும் சிதம்பரம்தான். இரண்டு நாளில் வீட்டு நம்பரே கொண்டுவந்துவிட்டாள். மறுநாள் காலையில் ரிப்போர்ட்டை மஞ்சள் பையில் போட்டுக்கொண்டு பஸ் ஏறினேன். ஆலப்பாக்கம், புதுச்சத்திரம் என்று பஸ் நிற்க நிற்க, அவனைப் பார்த்ததும் சொல்ல வேண்டியதை மனசுக்குள் அடுக்கிக்கொண்டே போனேன். பக்கத்தில் உட்கார்ந்திருந்த பெண் என் முகத்தைப் பார்த்துவிட்டு வேறு சீட்டுக்கு மாறிவிட்டாள்.

கதவைத் திறந்தது அவன் அம்மா. ஐம்பத்தைந்து வயசு இருக்கும், முந்தானையில் கையைத் துடைத்துக்கொண்டே வந்தாள். பெயர் சிவகாமு என்று பிறகு தெரிந்தது.

“யாரும்மா?”

“சிவபிரசாதைப் பாக்கணும். கடலூர்லேர்ந்து வரேன்.”

“பிரசாத் இப்பதான் வெளியில போனான், வந்துருவான். உள்ள வாம்மா. இந்த வெயில்ல வந்திருக்க. இரு, மோர் தரேன்.”

நான் வாசலிலேயே நின்று கத்துவதற்கு வந்தவள். தெருவே கூட வேண்டும் என்று வந்தவள். அந்த அம்மா சொம்பு நிறைய மோரைக் கையில் கொடுத்துவிட்டாள். மோரைக் குடித்துக்கொண்டு எப்படிக் கத்துவது? உட்கார்ந்தேன். உட்கார்ந்ததும் மூக்கில் ஏறியது ஒரு வாசனை. இந்த வாசனை எனக்குத் தெரியாதா?

“வீட்டுல பலாப்பழம் போட்டிருக்கீங்களா?”

“ஆமாம்மா. ஆனித் திருமஞ்சனம் வருதில்ல, சொந்தக்காரங்க பத்துப் பதினஞ்சு பேர் தரிசனத்துக்கு வந்து இங்கதான் தங்குவாங்க. மூணு காய் வாங்கிப் போட்டிருக்கேன். வருஷா வருஷம் போடுறதுதான். உனக்குப் பார்க்கத் தெரியுமா? பழுத்துதான்னு எனக்குச் சொல்லேன்.”

பின்கட்டுக்குக் கூட்டிக்கொண்டு போனாள். சாக்கை விலக்கினாள். மூன்று காய். மூன்றின் காம்பிலும் வேப்பங்குச்சி, அதைச் சுற்றி வெள்ளையாகச் சுண்ணாம்பு.

குனிந்து ஒரு குச்சியைத் தொட்டுப் பார்த்தேன்.

“குச்சி யாரும்மா அடிச்சது?”

“நான்தான். இதுக்கு ஆளா வைப்பாங்க? எங்க மாமியார் சொல்லிக் குடுத்தது.”

“உங்க பையனுக்குத் தெரியுமா?”

“அவன் எங்கம்மா இந்தப் பக்கம் வர்றான்? சுளையை உரிச்சித் தட்டுல வச்சித் தந்தா சாப்பிடுவான். பலாச்சுளைன்னா உயிர் அவனுக்கு.”

என் காது இரண்டும் தீயாகக் காய்ந்தது. கை தானாகப் பையில் இருந்த போனை எடுத்தது. “எப்படி அடிப்பீங்கன்னு ஒரு தரம் காட்டுங்கம்மா, எங்க பக்கம் வேற மாதிரி அடிப்போம்” என்றேன். பொய்தான். அந்த அம்மா தலைமுடியை ஒதுக்கிக்கொண்டு, சிரித்துக்கொண்டே அம்மிக் குழவியை எடுத்து, ஒரு குச்சியைச் சுண்ணாம்பில் தொட்டு அடித்துக் காட்டினாள். “இது இல்லன்னா எப்படி பழுக்கும்?” என்று போனைப் பார்த்தே சொன்னாள். முழுசாக எடுத்துக்கொண்டேன். ஒளிக்காமல் சொல்கிறேன், எனக்கு உள்ளே சந்தோஷம் பொங்கியது. கெட்ட சந்தோஷம். மாட்டினாயா மகனே என்று குதித்தது மனசு.

அப்போதுதான் அவன் வந்தான். கூலிங்கிளாஸ் இன்றைக்கும் தலைமேல்தான்.

“யாரும்மா இவங்க?” என்று அம்மாவைக் கேட்டான்.

கேளுங்கள்! அவனுக்கு என்னைத் தெரியவில்லை. என் முகத்தைப் பதினொரு லட்சம் பேருக்குக் காட்டினவனுக்கு என் முகம் ஞாபகம் இல்லை.

“பாருய்யா, நல்லாப் பாரு. கடலூர் செம்மண்டலம். பலாப்பழம். கெமிக்கல் ஏத்துறவ.”

முகம் மாறியது. இரண்டு அடி பின்னால் போனான். “அக்கா, இதுல பர்சனலா எதுவும் இல்லக்கா. பொது நன்மைக்குத்தான். தப்புன்னு பட்டா நான் தட்டிக் கேப்பேன்.”

“எங்கடா கேட்ட? மூணு முழத்துல உக்காந்திருந்தேன். என்னை ஒரு வார்த்தை கேட்டியா?”

ரிப்போர்ட்டை எடுத்து அவன் மூஞ்சிக்கு நேராக நீட்டினேன். அதை மேலாகப் பார்த்துவிட்டு, “ரிப்போர்ட்டெல்லாம் எப்படி வாங்குவாங்கன்னு எல்லாருக்கும் தெரியும்க்கா” என்றான்.

அடப்பாவி! அந்த இடத்தில் அவனை அறைந்திருப்பேன். அவன் அம்மா நடுவில் நின்றாள், அதனால் தப்பித்தான். “உள்ள போய் சாக்கைத் தூக்கிப் பாருடா. உங்க வீட்டு விஷத்தைப் பாரு மொதல்ல” என்று கத்தினேன். போனான். பார்த்தான். திரும்பி வந்தான். என் போனில் அவன் அம்மா குச்சி அடிக்கிறதை ஓடவிட்டேன். அவன் முகத்தில் இருந்த ரத்தமெல்லாம் இறங்கிவிட்டது.

“அக்கா, ப்ளீஸ்க்கா. எங்க அம்மாவைப் போட்றாதீங்க. கமென்ட்ல இன்னா இன்னா எழுதுவானுங்கன்னு உங்களுக்குத் தெரியாது. அவங்களுக்கு பிரஷர் இருக்கு. தாங்க மாட்டாங்க.”

எனக்குத் தெரியாதாம்!

அதுவரைக்கும் அவனை விவரம் இல்லாத பயல் என்றுதான் நினைத்திருந்தேன். விவரம் இல்லாமல் செய்துவிட்டான் என்றால் ஒரு ஓரத்திலாவது மன்னித்திருப்பேன். அவனுக்கு எல்லாம் தெரிந்திருக்கிறது. என்ன எழுதுவார்கள், எப்படி வந்து அடிப்பார்கள், எந்த மனுஷன் தாங்குவான், எவன் தாங்க மாட்டான், எல்லாம் தெரிந்திருக்கிறது. தெரிந்தும் என் வீட்டுக்காரரைப் போட்டான். அவன் அம்மா என்றதும் கெஞ்சுகிறான்.

“என்னடா சொல்றா இவ? என்ன வீடியோ?” என்றாள் சிவகாமு.

“ஒண்ணும் இல்லம்மா, நீ உள்ள போ.”

“ஒண்ணும் இல்லையா? நான் காட்டுறேன் பாருங்கம்மா” என்று தோப்புக்கரண வீடியோவைப் போட்டுக் கொடுத்தேன். அந்த அம்மா கண்ணாடியைத் தேடி எடுத்து மாட்டிக்கொண்டு முழுசும் பார்த்தாள். பத்தும் முடிகிற வரைக்கும் பார்த்தாள்.

“இது யாரு?”

“என் வீட்டுக்காரரு. இருபத்திரெண்டு நாளா ரூமை வுட்டு வெளியில வரலை.”

கண்ணாடியைக் கழற்றினாள். மகனைப் பார்க்கவில்லை, என்னைத்தான் பார்த்தாள். “போடும்மா. என்னைப் போடு. நான் அடிச்ச குச்சிதானே. ஊரு என்னையும் பார்க்கட்டும்.”

“அம்மா!” என்று அழுதுவிட்டான் அவன்.

போட்டுவிடு, போட்டுவிடு என்று என் கட்டைவிரல் துடித்தது. ஒரு அழுத்து போதும், ராத்திரிக்குள் அவன் குடும்பம் என் குடும்பம் நிற்கிற இடத்தில் வந்து நிற்கும். நான் போடவில்லை. நல்லவள் என்பதால் விட்டேன் என்று எண்ணிக்கொள்ள வேண்டாம். அந்த அம்மாவைக் கிழித்தால் என் வீட்டுக்காரர் வெளியே வந்துவிடுவாரா? எனக்கு வேண்டியது அவள் முகம் இல்லை, இவன் வாய். அவள் கண் எதிரிலேயே அந்த வீடியோவை அழித்தேன்.

“கெளம்பு” என்றேன் அவனிடம். “என்கூட கடலூருக்கு வா. அவருகிட்ட நேர்ல சொல்லு.”

“போடா” என்றாள் அவன் அம்மா.

பஸ்ஸில் அவன் போனை வாங்கி என் பையில் போட்டுக்கொண்டேன். டிக்கெட்டை அவனையே எடுக்கச் சொன்னேன்.

வீட்டில் கயல் இருந்தாள். அவனைப் பார்த்ததும் பல்லைக் கடித்துக்கொண்டு ஒதுங்கி நின்றாள். பின்னறைக் கதவுக்கு முன்னால் அவனை நிறுத்தினேன்.

“ஐயா” என்றான். தொண்டையைக் கனைத்துக்கொண்டான். “நான் சிவபிரசாத். அந்த வீடியோ போட்டது நான்தான். தப்பா போட்டுட்டேன். நீங்க எந்தத் தப்பும் செய்யலை. மன்னிச்சிடுங்க.”

அவன் மறுபடியும் சொன்னான். உள்ளேயிருந்து அவர் குரல் வந்தது.

“வீடியோ எடுக்குறாங்களா?”

“இல்லைங்க, இல்ல” என்று பதறினேன் நான். “அவன் போனைக்கூடப் புடுங்கி வச்சிருக்கேன். யாரும் எடுக்கலை. பயப்படாதீங்க.”

“அப்ப இவுரு சொல்றதை யாரு பாப்பாங்க?”

நியாயம்தானே? அவமானத்தைப் பதினொரு லட்சம் பேருக்குச் சொல்லிவிட்டு, மன்னிப்பை மட்டும் ஒரு கதவுக்குச் சொன்னால் ஆச்சா?

போனை எடுத்து அவன் கையில் திணித்தேன். “எடு. உன் பேஜ்லயே போடு. அதே கத்தலோட சொல்லு.”

எடுத்தான். அவன் சொன்னதில் குறை சொல்ல மாட்டேன். ரிப்போர்ட்டைக் காட்டினான். தான் கேட்காமல் போட்டதைச் சொன்னான். தோப்புக்கரணம் போடவைத்தது அக்கிரமம் என்றான். “எங்க வீட்டுலயும் எங்க அம்மா இப்படித்தான் குச்சி அடிக்கிறாங்க” என்று நான் கேட்காமலே அதையும் சேர்த்தான். பழைய இரண்டையும் அழித்துவிட்டு இதைப் போட்டான். அப்புறம் தலையைத் தொங்கப்போட்டுக்கொண்டு பஸ் ஏறப் போனான்.

மத்தியானம் ஒரு மணிக்குப் போட்டது. சாயந்திரம் ஆறு மணிக்குக் கயல் என் போனில் எண்ணிக்கையைக் காட்டினாள். இருநூற்றுப் பதினொன்று.

லட்சம் இல்லை, ஆயிரம்கூட இல்லை. இருநூற்றுப் பதினோரு பேர். அதிலும் கீழே எழுதியிருந்தவர்கள் “எவ்ளோ வாங்குன ப்ரோ?” என்றும் “செட்டில்மென்ட் ஆயிடுச்சா?” என்றும் கேட்டிருந்தார்கள். அவன் அழித்த தோப்புக்கரணத்தை வேறு எட்டுப் பேஜ்காரர்கள் எடுத்துப் போட்டிருந்தார்கள், ஒருத்தன் சிரிப்புச் சத்தம் சேர்த்து. காறித் துப்பலாம் என்றால் யார் மூஞ்சியில் துப்புவது? ஒருத்தன் மூஞ்சியா, இரண்டு பேர் மூஞ்சியா? விஷம் என்றால் ஓடி வருகிறார்கள். விஷம் இல்லை என்றால் ஒரு நாய்கூடத் திரும்பிப் பார்க்கிறதில்லை.

அந்த நேரம் பார்த்து உள்ளேயிருந்து குரல் வந்தது.

“தமிழு. எத்தினி பேரு பாத்தாங்க?”

கயல் வாயைத் திறந்தாள். நான் அவள் கையைப் பிடித்து அழுத்தினேன்.

“மூணு லட்சம்” என்றேன்.

“மூணு லட்சமா?”

“ஏறிக்கினே போவுது. எல்லாரும் வருத்தப்பட்டு எழுதியிருக்காங்க. அந்த டீக்கடைக்காரன்கூட எழுதியிருக்கான்.”

உண்மை, உண்மை என்று சிதம்பரம் வரைக்கும் போய்க் குதித்த வாய்தான் இது. கூசாமல் புளுகினேன். கயல் என்னையே பார்த்துக்கொண்டு நின்றாள், கண்ணில் நீர் ஓடியது. உள்ளே தாழ்ப்பாள் நகர்ந்தது.

தாடி வளர்ந்து, கன்னம் ஒட்டி, வெளிச்சத்துக்குக் கண்ணைச் சுருக்கிக்கொண்டு வெளியே வந்து நின்றார். “பசிக்குது” என்றார். இருபத்திரண்டு நாளில் முதல் தரம் எங்கள்கூட உட்கார்ந்து சாப்பிட்டார். மறுபடியும் சோறு கேட்டு வாங்கிப் போட்டுக்கொண்டார். நான் அடுப்படியில் திரும்பி நின்று அழுதேன். சந்தோஷம் பாதி, ஆத்திரம் பாதி.

இரண்டு நாள் கழித்துக் கடையைத் திறந்தோம். முகச்சவரம் செய்து, வெள்ளைச் சட்டை போட்டு வந்திருந்தார். டீக்கடைக்காரனைப் பார்த்து அவராகவே கையைத் தூக்கினார். அவன் திருதிருவென்று முழித்தான்.

பத்து மணி வாக்கில் ஸ்கூட்டரில் ஒருத்தர் வந்து நின்றார். பேன்ட் சட்டை, ஆபீஸ் ஆள். பழத்தைப் பார்க்கவில்லை, எங்களைத்தான் ஏற இறங்கப் பார்த்தார்.

“இது அந்தக் கெமிக்கல் கடைதானே?”

நான் எழுவதற்குள் என் வீட்டுக்காரர் முந்திக்கொண்டார். வாடிக்கையாளரிடம் தானாக வாயே திறக்காத மனுஷன், சிரித்த முகமாகச் சொன்னார். “அதெல்லாம் பொய்னு அந்தப் பையனே சொல்லிட்டான் சார். மூணு லட்சம் பேரு பாத்தாச்சு. நீங்க இன்னும் பாக்கலையா?”

“மூணு லட்சமா? அப்படி ஒண்ணு நான் பார்க்கலையே” என்று சட்டைப் பையிலிருந்து போனை எடுத்தார் அந்த ஆள்.

“பாருங்க சார், பாருங்க. நானும் இன்னும் பாக்கலை” என்று என் வீட்டுக்காரர் கழுத்தை நீட்டிக்கொண்டு ஸ்கூட்டர் பக்கத்தில் போய் நின்றார்.

என் காது பழுத்துவிட்டது. அரிவாளை எடுத்து ஒரே போடாகப் பழத்தைப் பிளந்தேன். பால் வடிகிற நடுத்தண்டோடு சேர்த்து ஒரு பெரிய துண்டை அறுத்து, அந்த ஆளின் போன் பிடித்த கையிலேயே திணித்தேன். “போன் எங்க சார் ஓடிடப் போவுது? மொதல்ல தின்னு பாருங்க. காசு வேணாம். தின்னுட்டு செத்துட்டீங்கன்னா அப்புறம் வீடியோ போடுங்க.”

மிரண்டுபோய் ஒரு சுளையை வாயில் போட்டார். மென்றார். இன்னொன்று எடுத்தார். “இனிப்பாத்தான்மா இருக்கு” என்றார். பிறகு போனைத் தொட்டுப் பார்த்தார். பத்து விரலிலும் பால் பிசுபிசுவென்று ஒட்டிக்கொண்டு, போன் எதற்கும் அசையவில்லை. சட்டையில் துடைத்தார், அதுவும் ஒட்டிக்கொண்டது.

“துடைக்க எண்ணெய் இருக்காம்மா?” என்று கேட்டார்.

“இல்லை” என்றேன். எண்ணெய்க் கிண்ணம் என் காலடியில்தான் இருந்தது. சேலையை அதன்மேல் இழுத்துவிட்டுக்கொண்டேன்.